ஓனர் எழுதிக் கொடுத்த இரண்டு வரி

பெரியவளுக்குக் கசங்கியது எதுவும் ஆகாது. ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இஸ்திரி போடுவது அவள் வேலை. காலையில் போய் நின்றால் சாயங்காலம் வரை படுக்கை விரிப்பும் தலையணை உறையும் ஆபரேஷன் அறையின் பச்சை அங்கியும் மலையாக வந்து விழும். அவள் கைக்கு வந்தவை கத்தி மாதிரி மடிப்போடு வெளியே போகும். அந்தக் கை வீட்டுக்கு வந்த பிறகாவது சும்மா கிடக்குமா? கைக்குட்டை, புருஷனின் பனியன், மகளின் பரீட்சைத் தாள், பரிசு சுற்றி வந்த வண்ணக் காகிதம் என்று எது கண்ணில் பட்டாலும் மேஜையில் போட்டு ஓர் இழுப்பு இழுத்துவிடுவாள். "என்னையும் படுக்க வச்சுத் தேய்ச்சிடும்மா" என்று மகள் கிண்டல் செய்வாள். லிஃப்ட் மெக்கானிக்கான புருஷன் கிண்டல்கூடச் செய்யமாட்டார். பேசிச் சம்பாதித்தது போதும் என்று எப்போதோ முடிவு செய்துவிட்ட மனிதர் அவர்.

கசங்கியதைத் தவிர இன்னொன்றும் பெரியவளுக்கு ஆகாது. அது மாடியில் குடியிருந்தது.

கொழுந்தனின் மனைவி, அவளுடைய ஓரகத்தி. குடும்பத்தில் எல்லோருக்கும் சின்னவள். ஒரே ஓனரின் வீட்டில் மேலே சின்னவள் குடும்பம், கீழே பின்பக்கம் பெரியவள் குடும்பம். சின்னவள் கண் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பில் உட்கார்ந்து, வருகிறவர்களைச் சிரித்து உட்கார வைப்பவள். உட்கார்ந்து பார்க்கிற வேலை. சிரிப்பதற்குச் சம்பளம். பெரியவள் நாள் முழுக்க நின்று, வேர்த்து, முட்டி வீங்கி வீட்டுக்கு வரும்போது, சின்னவள் போட்டுக்கொண்டு போன உதட்டுச் சாயம்கூடக் கலையாமல் படியேறிப் போவாள்.

சின்னவள் வாழ வந்த நாளிலிருந்தே இந்தக் கதைதான். மாமியார் உயிரோடு இருந்த காலத்தில், சின்னவள் போட்ட டீயில் சர்க்கரை மறந்துபோனால், "டாக்டர் சொன்னத ஞாபகம் வச்சிருக்கா பாரு" என்று அந்த அம்மாள் பூரித்துப்போவார். பெரியவள் டீயில் சர்க்கரை குறைந்தால், "எனக்குக் குடுக்கக்கூட இவளுக்கு மனசு வராது" என்பார். மாமியார் போய்ச் சேர்ந்தார். அந்தப் பாரபட்சம் மட்டும் போகவில்லை. காய்கறிக்காரன் சின்னவளுக்குப் பொறுக்கிப் போடுவான். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். பெரியவளுக்கு எழுந்து இடம் கொடுத்தவர் இதுவரை ஒருவர்தான். அவரும் அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டியவர்.

சும்மா சொல்லக்கூடாது, சின்னவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் பெரியவளுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். மாடிக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஃபோனில் பேசப் போய்விடுவாள். கீழே பெரியவளின் சமையலறைக் கூரையிலிருந்து அடுப்பில் சொட்டும். அடுத்த நிமிஷம் சின்னவள் துடைப்பமும் வாளியுமாக ஓடிவந்து, "அக்கா, என்னை ரெண்டு சாத்து சாத்துங்க" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத் திட்ட வாய் வராது. கடைசியில் பெரியவளே அவளுக்கு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பாள். அவள் போன பிறகு, திட்டாமல் விட்டதற்கும் சேர்த்து வயிறு எரியும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் இரண்டு தெரு தள்ளிப் பல் டாக்டரம்மாவின் வீடு காலியானது.

பெரியவள் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்தாள். அதோடு அவளுக்குத் தூக்கம் போயிற்று. முதல் மாடி. சமையலறையில் ஜன்னல். அதைவிட முக்கியமாக, கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு தனி அறை, அதற்கு ஒரு கதவு, கதவுக்குத் தாழ்ப்பாள். பெரியவளின் மகள் கல்லூரிக்குப் போகிற பெண். இருக்கிற வீட்டில் நடையில் ஒரு திரைச்சீலையைக் கட்டி, அதற்குப் பின்னால் கட்டிலைப் போட்டுத்தான் அவள் படிப்பதும் தூங்குவதும். யார் குளியலறைக்குப் போனாலும் அவளைத் தாண்டித்தான் போகவேண்டும். பின்சுவர் ஈரத்தில் புத்தகமெல்லாம் பூசணம் பிடித்துப்போயிற்று. அந்தப் பெண் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. திரைச்சீலையில் ஒரு தாளைக் குத்தி, 'கதவைத் தட்டிவிட்டு வரவும்' என்று எழுதி வைத்திருந்தாள். எல்லோரும் அதைப் படித்துச் சிரித்தார்கள். பெரியவள் சிரிக்கவில்லை.

டாக்டரம்மாவின் உதவியாளர் கேட்ட காகிதங்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. வீட்டிலுள்ள அத்தனை பேரின் அடையாள அட்டை நகல், இருவரின் சம்பளச் சீட்டு, வேலை பார்க்கும் இடத்திலிருந்து ஒரு சான்று. இதெல்லாம் போக, இப்போது குடியிருக்கும் வீட்டு ஓனர் தன் கைப்பட எழுதிய கடிதம் ஒன்று வேண்டும். "நிறைய பேரு கேக்கறாங்க. டாக்டர் ஃபைலைப் பாத்துதான் முடிவு பண்ணுவாங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

ஃபைல்தானே? பெரியவளுக்குத் தெம்பு வந்துவிட்டது. வழவழப்பான அட்டை ஒன்று வாங்கினாள். மேஜையில் போர்வையை விரித்தாள், பெட்டியைச் சூடேற்றினாள், காகிதங்களை வரிசையாகத் தேய்க்க ஆரம்பித்தாள். புருஷனின் சான்று, நகல்கள் எல்லாம் அப்போதுதான் அச்சாகி வந்தது போல் ஆயின. அடுத்து அவளுடைய சம்பளச் சீட்டு. ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஒரு இயந்திரம் உண்டு. கடையில் பில் அடிப்பார்களே, அந்த மாதிரி வழுக்கும் சுருள் தாளில் கக்கும். சுருண்டு சுருண்டு படுத்தியது. ஓர் அழுத்து அழுத்தினாள்.

பெட்டியை எடுத்தால் சீட்டு கன்னங்கரேல் என்று இருந்தது. பேரும் இல்லை, சம்பளமும் இல்லை. நம்பமுடியாமல் இன்னொரு மாதச் சீட்டின் மேலும் வைத்துப் பார்த்தாள். அதுவும் கறுத்தது. புத்திசாலித்தனம் அதோடு நின்றது.

மறுநாள் கணக்குப் பிரிவு மனிதர் அந்தக் கறுப்புத் தாள்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, தேய்க்கிறதுக்கு ஒரு அளவு வேண்டாமா?" என்றார். "இதுல மையே கிடையாது. சூடு பட்ட இடத்துலதான் எழுத்து வரும். நீ மொத்தமாச் சூடு வச்சா மொத்தமும் எழுத்தாத்தான் வரும்." பக்கத்து மேஜைக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு, நல்லவேளை, புதிதாக எடுத்துக் கொடுத்தார். அதைப் பெரியவள் பெட்டிப் பக்கமே கொண்டுபோகவில்லை. ஒரு புத்தகத்துக்குள் வைத்து, மேலே அரிசி டப்பாவைத் தூக்கி வைத்தாள்.

பாக்கி இருந்தது ஓனர் கடிதம் ஒன்றுதான். அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. மகள் தவழ்ந்த காலத்திலிருந்து அந்த வீட்டில் இருக்கிறார்கள். வாடகையைக் கேட்டு வாங்கும் சிரமத்தை அந்த மனிதருக்கு ஒருநாளும் வைத்ததில்லை. படிக்கட்டைக் கூட்டுவது பெரியவள், சாக்கடை அடைத்தால் குத்திவிடுவது அவள் புருஷன், ஓனருக்கு வரும் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வைப்பதும் அவள்தான். அடுத்த தெருவில் இருந்த ஓனர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் விழுந்துவிட்டது.

"எதுக்கும்மா இப்ப அவசரம்? பின்சுவரைச் சரி பண்ணித் தர்றேன்னு சொல்லியிருக்கேன்ல?"

"மூணு மழைக்காலமா சொல்லிட்டுத்தான் இருக்கீங்க."

அவர் நெடுநேரம் பேனாவைத் தேடினார். கிடைத்த பிறகு மூடியைத் தேடினார். கடைசியில் ஒரு தாளில் எழுதி, முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். பெரியவள் தெருவுக்கு வந்து படித்தாள். 'இவர்கள் என் வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருக்கிறார்கள். வாடகை கொடுக்கிறார்கள்.' அவ்வளவுதான். பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்று திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் காட்டினாள். "இத்தனை வருஷம் அந்த மனுஷன் சாக்கடையக் குத்தினீங்களே, ஒரு நல்ல வார்த்தை எழுத மனசு வந்துதா பாருங்க."

"விடு. கையெழுத்து இருக்குல்ல" என்றார் அவர்.

பெரியவளுக்கு விடமுடியவில்லை. நெஞ்சில் முள்ளாக உட்கார்ந்துவிட்டது. இருந்தாலும் அந்த இரண்டு வரியைத் தேய்த்து, ஃபைலில் வைத்தாள்.

அன்று சாயங்காலமே சின்னவள் இறங்கி வந்தாள், கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு. "அக்கா, ஓனர் மாடியக் காலி பண்ணச் சொல்லிட்டாரு. அவரு மகன் குடும்பத்தோட வர்றானாம். பாவம், சொல்லும்போதே அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பல் டாக்டரம்மா வீடு காலியா இருக்காமே, நாங்களும் கேட்டுப் பாக்கலாம்னு இருக்கோம். பேப்பர் அடுக்கறதுல உங்கள அடிச்சுக்க ஆளில்ல. கொஞ்சம் பாத்துத் தாங்கக்கா."

பெரியவளுக்குத் திக்கென்றது. தாங்களும் அந்த வீட்டைக் கேட்கப்போவதை அவள் இதுவரை மாடிக்குச் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. இப்போது வேறு வழியில்லாமல், "நாங்களும் அதுக்குத்தான் போடறோம்" என்றாள்.

சின்னவள் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. "அப்படியா? நல்லதாப் போச்சு. யாருக்குக் கிடைச்சாலும் நம்ம குடும்பத்துக்குத்தானே" என்று பையை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்த நல்ல மனசுதான் பெரியவளால் தாங்கமுடியாதது. போட்டி என்று தெரிந்தும் ஒருத்தியால் எப்படிச் சிரிக்க முடிகிறது? கிடைக்கும் என்ற நிச்சயம் இருப்பவர்களால்தான் முடியும். பையைக் கவிழ்த்தாள். கசங்கியும் மடங்கியும் காகிதங்கள் விழுந்தன. ஒன்றில் காப்பிக் கறை. நடுவில், இரண்டு பக்கமும் நிறைய எழுதிய ஒரு தாள். ஓனரின் கையெழுத்து.

'இப்படி ஒரு குடும்பம் அமைவது கொடுத்து வைத்தவர்களுக்கு மட்டுமே' என்று தொடங்கியது. சிரித்த முகம் என்று இருந்தது. வீட்டைக் கண்ணாடி போல் வைத்திருப்பவர்கள் என்று இருந்தது. பெரியவள் தன் சமையலறைக் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். மஞ்சள் வளையம் வளையமாகக் கறை. 'இவர்களை அனுப்புவது நான் பெற்ற மகளைப் பிரிவது போல் இருக்கிறது. யோசிக்காமல் உடனே வீட்டைக் கொடுக்கலாம்' என்று முடிந்திருந்தது.

வாடகையைப் பாதி மாதம் போன பிறகு, அதுவும் இரண்டு தவணையாகக் கொடுக்கிறவள் பெற்ற மகள். தானாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறவள் 'குடியிருக்கிறார்கள்'. சாக்கடைக்குப் பெரியவள், சான்றிதழுக்குச் சின்னவள். மாமியார் போனாலும் இன்னொரு மாமியார் ஓனர் உருவத்தில் வந்து உட்கார்ந்திருப்பதாக அவளுக்குத் தோன்றியது. கண்ணில் நீர் முட்டியது. அழுகை இல்லை அது, ஆத்திரம்.

போர்வையை விரித்தாள். பெட்டியைச் சூடேற்றினாள். கறை பட்டதையும் மடங்கியதையும் ஒழுங்காகத் தேய்த்தாள், ஓனர் கடிதத்தையும் இரண்டு பக்கமும் தேய்த்தாள். கடைசியாகக் கைக்கு வந்தவை சின்னவளின் சம்பளச் சீட்டுகள். கண் ஆஸ்பத்திரியிலும் அதே மாதிரி இயந்திரம் போலிருக்கிறது. அதே வழுக்கும் தாள், அதே சுருள்.

பெரியவள் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். திரைச்சீலைக்குப் பின்னால் மகள் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தது கேட்டது. பிறகு ஒவ்வொரு சீட்டாக எடுத்து, மூலை விடாமல், நன்றாக அழுத்தித் தேய்த்தாள்.

மறுநாள் காலையில் சின்னவள் வந்ததும், "தெரியாமத் தேய்ச்சுட்டேன். கறுத்துப் போச்சு" என்று அந்தத் தாள்களை நீட்டினாள். குரல் நடுங்காமல் இருந்ததில் அவளுக்கே ஆச்சரியம்.

சின்னவள் அவற்றைப் பார்த்தாள். பிறகு பெரியவளின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "உங்களுக்குக் கை ஏதும் சுட்டுக்கலையேக்கா?"

"இல்ல."

"அப்ப விடுங்க. இதெல்லாம் ஒரு விஷயமா?" அங்கேயே நின்று மேனேஜருக்கு ஃபோன் போட்டாள். பேசினாள், சிரித்தாள். சாயங்காலம் புதுச் சீட்டுகள் பளபளவென்று உறைக்குள் போட்டு, ஆள் மூலம் வீட்டுக்கே வந்து சேர்ந்தன. பெரியவள் கணக்குப் பிரிவில் நின்று வாங்கிய கிண்டலை நினைத்துக்கொண்டாள். கெடுதல் செய்யப்போனாலும் அவளுக்கு நல்லதாகத்தான் முடிகிறது. குற்றவுணர்ச்சி வந்திருக்க வேண்டிய இடத்தில் மறுபடியும் பொறாமைதான் வந்தது.

இரண்டு ஃபைல்களும் போய்ச் சேர்ந்தன. ஒருநாள் டாக்டரம்மாவிடமிருந்து பெரியவளுக்கு அழைப்பு வந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த நோயாளிகளுக்கு நடுவில் அவளும் உட்கார்ந்திருந்தாள். இல்லை என்று சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மனசைத் தயார் செய்துகொண்டாள்.

டாக்டரம்மா முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, மேஜையில் இரண்டு கடிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ரெண்டும் ஒரே ஆள் எழுதினதுதானே?"

"ஆமாங்க டாக்டர். மாடியில இருக்கறது என் ஓரகத்தி." "எங்களப் பத்தி அவருக்கு எழுதத் தோணல போலிருக்கு."

"அந்த வீட்டுல குழாய் கெட்டா யாரு பாப்பாங்க?"

"எங்க வீட்டுக்காரர்தான்."

"படிக்கட்டு?"

"நான்தான் கூட்டறேன்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "எனக்கும் நாலஞ்சு குடித்தனம் இருக்கும்மா. நானும் இந்த மாதிரி லெட்டர் எழுதிக் குடுத்திருக்கேன். நல்லவங்க காலி பண்றேன்னு வந்து நின்னா கை ஓடாது. என்ன எழுதித் தொலைக்கறதுன்னு ரெண்டு வரியில முடிச்சுடுவோம். எப்படா போவாங்கன்னு காத்துட்டிருக்கோம் பாருங்க, அவங்களுக்கு எழுதும்போதுதான் பக்கம் பத்தாது." பெரிய கடிதத்தை விரலால் தள்ளினார். "பெத்த மக மாதிரி இருந்தா அவரே வச்சுக்க வேண்டியதுதானே? எதுக்கு என் தலையில கட்டறாரு? சாவி உங்களுக்குத்தான். இத அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிடாதீங்க, மனசு கஷ்டப்படும்."

டாக்டரம்மா சொல்லாவிட்டாலும் பெரியவள் சொல்லியிருக்கமாட்டாள். தெருவில் இறங்கி நடந்தபோது கால் தரையில் பாவவில்லை. வீடு கிடைத்த சந்தோஷம் பாதிதான். எல்லோருக்கும் செல்லமான சின்னவளை ஒரு மனிதர் எப்படா தொலைவாள் என்று காத்துக்கொண்டிருக்கிறார், அது சின்னவளுக்கே தெரியாது, தனக்கு மட்டும் தெரியும். அந்த மறுபாதியை நினைக்க நினைக்க இனித்தது. வீடு வரும்வரை வாய்க்குள் போட்டுச் சப்பிக்கொண்டே வந்தாள்.

சின்னவள் கட்டிப்பிடித்து வாழ்த்தினாள். விடுப்புப் போட்டுவிட்டு வந்து சாமான் தூக்கினாள். புதுவீட்டில் மகள் முதல் காரியமாகத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் பெரியவள் இத்தனை பாடு பட்டது. கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். உள்ளே மகள் யாருடனோ ஃபோனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். "ஆமாம் சித்தி, என் ரூம்தான். இங்கருந்துதான் பேசறேன்." கதவைப் பெற்றுக்கொடுத்தது அம்மா, கதவைச் சாத்திக்கொண்டு சிரிப்பது சித்தியோடு. பெரியவள் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாக அடுக்கினாள்.

அதற்குப் பிறகு சின்னவள் ஒவ்வொரு வீடாகக் கேட்டுப் போனாள். ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பெரிய கடிதத்தை முதல் காகிதமாக எடுத்து நீட்டினாள். அவர்கள் படித்துப் பார்த்து, யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். கை மாறி மாறிக் கடிதம் கசங்கிப்போகும்போதெல்லாம் பெரியவளிடம் கொண்டுவந்தாள். "கொஞ்சம் தேய்ச்சுக் குடுங்கக்கா. இதுதான் என் துருப்புச் சீட்டு." பெரியவளும் தேய்த்துக் கொடுத்தாள். ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரின் அங்கியைக்கூட அவள் அத்தனை சிரத்தையோடு தேய்த்ததில்லை. கொடுத்து அனுப்பிவிட்டு, ஜன்னல் வழியாக அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சரியாகத்தான் தேய்த்துக் கொடுத்திருக்கிறேன், எந்தத் தப்பும் செய்யவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

ஓனர் கொடுத்த கெடு நெருங்கிய சமயத்தில், ஒரு மத்தியானம் சின்னவள் வந்து மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடிதத்தை எடுக்கவே இல்லை. உதட்டில் சாயம் இல்லை. கண் வீங்கியிருந்தது.

"எங்கிட்ட என்னக்கா குறை? இவ்வளவு நல்லா எழுதியிருக்காரு. படிக்கறப்பவே அவங்க மூஞ்சி மாறுது. நான் சிரிச்சுத்தான் பேசறேன். ஒருத்தரும் குடுக்க மாட்டேங்கறாங்க. நம்மளப் பாத்தா யாருக்கும் பிடிக்கலையோன்னு இப்ப ரோட்டுல நடக்கவே கூச்சமா இருக்கு."

சிரிப்பில்லாத இந்த முகத்தைப் பார்க்கவேண்டும் என்று பெரியவள் எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறாள். இதோ, எதிரில் உட்கார்ந்திருந்தது. பார்த்தாள். ஒன்றும் இனிக்கவில்லை. காய்ச்சல்காரிக்கு முன்னால் நிற்பது போலத்தான் இருந்தது. "டீ போடறேன், குடி" என்று எழுந்து போனாள்.

சின்னவள் கிளம்பியதும் செருப்பை மாட்டிக்கொண்டு நேராகப் பழைய ஓனரிடம் போனாள். அவளைப் பார்த்ததும் அந்த மனிதருக்கு உயிர் வந்தது. "வாம்மா வாம்மா. நீ போனதுலருந்து படிக்கட்டப் பாக்கச் சகிக்கல. திரும்பி வந்துடுறியா?"

"அதுக்கு வரல. சின்னவளுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க."

"அதான் ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்திருக்கேனே."

"அதனாலதான் அவ இன்னும் உங்க மாடியிலயே இருக்கா. எனக்கு எழுதினீங்களே ரெண்டு வரி, அதே ரெண்டு வரி எழுதுங்க. அப்பத்தான் போவா."

ஓனர் அவளையே பார்த்தார். கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி காது சிவந்தது. இந்த முறை பேனாவைத் தேடவில்லை, மூடியையும் தேடவில்லை. எழுதி நீட்டினார்.

"உங்க மகன் எப்ப வர்றாரு?" என்று பெரியவள் கேட்டாள்.

"எந்த மகன்?" என்றார் அவர்.

அன்றே சின்னவளை வரச்சொல்லி, "பழைய லெட்டர எடுத்து வச்சுடு. இதக் கொண்டு போ" என்று கொடுத்தாள். சின்னவள் படித்தாள். 'இவர்கள் என் வீட்டின் மேல்பகுதியில் குடியிருக்கிறார்கள். வாடகை கொடுக்கிறார்கள்.' திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளை.

"இது என்னக்கா?"

"நான் சொல்றேன்ல, இதான் உதவும்."

"அவரு தானா எழுதினாரா, நீங்க சொல்லி எழுதினாரா?"

"நான் சொல்லித்தான்."

சின்னவளின் முகம் மெல்ல இறுகியது. பெரியவள் அதற்குமுன் பார்த்திராத முகம். "உங்களுக்கு எப்படி எழுதினாரோ அப்படித்தான் எனக்கும் இருக்கணும், இல்ல? எனக்குன்னு ஒருத்தர் நல்லதா நாலு வார்த்தை எழுதினது பொறுக்கல. எனக்குத் தெரியும்க்கா. நான் வாழ வந்த நாள்லருந்து உங்களுக்கு எம்மேல பொறாமை. தெரிஞ்சுதான் சிரிச்சுக்கிட்டே இருந்தேன். சிரிச்சா என்னைக்காவது சரியாயிடும்னு நெனச்சேன்."

பெரியவளுக்கு முகத்தில் தண்ணீர் அடித்த மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்லிவிட ஒரு நொடி போதும். உன்னைத் துரத்தத்தான் அந்த மனுஷன் உன்னைப் புகழ்ந்தான் என்று ஒரு வாக்கியம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எல்லோருக்கும் தன்னைப் பிடிக்கும் என்பது ஒன்றுதான் இந்தப் பெண்ணின் கைமுதல். எத்தனையோ வருஷமாக அதைப் பார்த்துத்தான் பெரியவள் வெந்தாள். அதைத் தன் கையால் பிடுங்க இப்போது வாய் வரவில்லை.

"ஆமா, பொறாமைதான்" என்றாள். "உன் சம்பளச் சீட்டு கறுத்துப் போச்சே, அது தெரியாம நடந்ததில்ல. வேணும்னேதான் பெட்டிய வச்சேன். மூலை விடாம வச்சேன். அது பொறாமை. இது இல்ல. கொண்டு போ."

சின்னவள் அந்தப் புதுத்தாளை நாலாக, எட்டாக மடித்து, கைப்பைக்குள் திணித்துக்கொண்டு எழுந்தாள். போய்ட்டு வர்றேன் என்றுகூடச் சொல்லவில்லை. பெரியவளுக்குக் கை பரபரத்தது. தேய்த்துத் தரட்டுமா என்று கேட்க அதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.

பல நாள் ஒரு தகவலும் இல்லை. புருஷனிடம் நடந்ததைச் சொன்னதற்கு, வழக்கம்போல "விடு" என்றார். கொஞ்சம் கழித்து, "நல்லதுதான் பண்ணியிருக்க" என்று சேர்த்துக்கொண்டார். அவருக்கு அது ஒரு வாரப் பேச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவள் தலையணை உறை தேய்த்துக்கொண்டிருந்தாள். மகளின் அறைக்குள் பேச்சுச் சத்தமும் சிரிப்பும் கேட்டது. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தாள். தாழ் திறந்தது. மகள் ஃபோனோடு வெளியே வந்தாள்.

"அம்மா, சித்திக்கு வீடு கிடைச்சிடுச்சாம். அந்த ரெண்டு வரிய வாங்கிப் படிச்சதும், 'எப்ப வர்றீங்க'ன்னு கேட்டுட்டாங்களாம். எதுக்குன்னே சித்திக்குப் புரியலையாம். உங்கிட்டச் சொல்லச் சொன்னாங்க."

பெரியவள் தலையணை உறையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "வேற என்ன சொன்னா?"

"சாயங்காலம் வருவாங்களாம், உன் கையால டீ வேணுமாம்." மகள் திரும்பி அறைக்குள் போகப்போனவள் நின்றாள். "வீடு சூப்பரா இருக்காம்மா. பால்கனிகூட இருக்காம்."

பெரியவள் கை நின்றது. டாக்டரம்மா வீட்டில் பால்கனி கிடையாது.

"பால்கனியா?" என்றாள். "எவ்வளவு பெருசாம்?"